வருடத்துக்கு 0.33 மில்லிமீட்டர்தானே ஏறுகிறது, சென்னைக்கு என்ன பயம்?

4 ஆகஸ்ட் 2024 (கேள்வி: அடையாறுவாசி)

சென்னை மூழ்கப் போகிறது என்று இந்த வாரம் எல்லாச் சேனலிலும் ஓட்டினார்கள். பெங்களூரு சிஸ்டெப் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையாம், 2040-க்குள் சென்னையில் 5 முதல் 10 சதவீத நிலம் போய்விடும், தூத்துக்குடியில் 10-க்கும் மேலே. ஆனால் அதே அறிக்கையில் 1987 முதல் 2021 வரை சென்னையில் கடல் ஏறியது 0.679 சென்டிமீட்டர் என்று இருக்கிறது. 34 வருடத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த பழைய கணக்கில் வருடத்துக்கு 0.33 மில்லிமீட்டர். நூறு வருடத்துக்கு இரண்டு விரல் அகலம். இதற்கா இவ்வளவு ஆட்டம்? நேரில் எதையாவது பார்த்தவர்கள் சொல்லுங்கள், எங்கிருந்தாவது எடுத்து ஒட்ட வேண்டாம்.

4 ஆகஸ்ட், இரவு

பார்த்தவன் சொல்கிறேன். எனக்கு ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் தொழில். திருவான்மியூரிலிருந்து ஈஞ்சம்பாக்கம் வரை என் லைன், பதினாறு வருடமாக. சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் இருக்கும்.

கொட்டிவாக்கத்தில் ஒரு ஃபிளாட். 2011-இல் நான்தான் மெஷின் மாட்டினேன், அன்றைக்கு போர்வெல் தண்ணீர் 900 (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு) காட்டியது. போன மாதம் அதே குழாய், 3,100. இரண்டு வருடம் வந்த மெம்பிரேன் (மெஷினுக்குள் உப்பை வடிகட்டுகிற பாகம்) இப்போது ஏழு மாதத்தில் அடைத்துக்கொள்கிறது. குழாய் மூடிகளைச் சுற்றி வெள்ளையாகப் பொரிந்து நிற்கிறது, நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தால் கரிக்கும். குடிக்கிற தண்ணீருக்கு 500 இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது அரசாங்கத் தர அளவு. கடல்நீர் சுமார் 35,000. 3,100 என்றால் பத்து குடம் தண்ணீரில் முக்கால் குடம் கடல். உங்கள் இரண்டு விரல் கணக்கெல்லாம் இருக்கட்டும், கடல் அந்த வீட்டு சம்ப்புக்குள் வந்தாயிற்று.

5 ஆகஸ்ட்

நேற்று கோபத்தில் எழுதினேன், உங்கள் எண்ணுக்குப் பதில் சொல்லவில்லை.

0.33 பொய்யில்லை. துறைமுகத்தில் இருக்கிற ஓத அளவியில் (கடல் ஏறி இறங்குவதை அளக்கிற கருவி) 1916 முதல் 2005 வரை எடுத்த பதிவின் சராசரி அது, நடுவில் பல வருடங்கள் பதிவு விட்டுப்போயிருக்கிறது. அதைவிட முக்கியமாக, அந்தக் கருவி நிற்பது தரையில். தரை இறங்கினாலும் கடல் ஏறியதாகத்தான் காட்டும், தரை கொஞ்சம் எழும்பினால் கடல் ஏறாத மாதிரி காட்டும். அதே நாடாளுமன்றப் பட்டியலில் வங்காளத்தின் டயமண்ட் ஹார்பரைப் பாருங்கள், வருடத்துக்கு 5.16 மில்லிமீட்டர். அங்கே டெல்டா மண் அமுங்குகிறது, அதுவும் சேர்ந்த கணக்கு. நீங்கள் சொல்கிற சிஸ்டெப் அறிக்கையிலேயே மும்பைக்கு 4.44 சென்டிமீட்டர், நமக்கு 0.679. ஒரே நாடு, ஒரே காலம்.

இன்னொன்று, நூறு வருடச் சராசரியை வைத்து அடுத்த நூறு வருடத்தைப் பெருக்குவது தப்பு. வட இந்தியப் பெருங்கடல் முழுவதற்கும் சேர்த்து மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீடு: 1993 முதல் 2017 வரை வருடத்துக்கு 3.3 மில்லிமீட்டர். உங்கள் எண்தான், புள்ளி மட்டும் ஒரு இடம் தள்ளியிருக்கிறது. உலகக் கணக்கில் 2006 முதல் 2018 வரை 3.7.

5 ஆகஸ்ட், மாலை

ஆர்க்டிக் பனி உருகித்தான் கடல் ஏறுகிறது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். மிதக்கிற பனி உருகி மட்டம் ஏறாது. சர்பத் டம்ளரில் ஐஸ் கரைந்தால் வழிந்தா போகிறது? நிலத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற பனிதான் கணக்கு, கிரீன்லாந்து முழுக்கக் கரைந்தால் சுமார் 7 மீட்டர், ஆனால் அதற்கெல்லாம் பல நூற்றாண்டு ஆகும். 1971 முதல் 2018 வரை ஏறியதில் ஏறத்தாழ பாதி பனியே இல்லை, தண்ணீர் சூடாகி விரிந்தது. வீட்டில் கீசர் போட்டதும் பக்கத்து வால்வில் சொட்டுகிறதே, லீக் என்று எனக்கு போன் பண்ணுகிறார்களே, அதே சங்கதிதான். லீக் இல்லைங்க, தண்ணீர் விரிகிறது.

9 ஆகஸ்ட்

4-ஆம் தேதி எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அழிக்கவில்லை, இருக்கட்டும், என் அவசரத்துக்குச் சாட்சியாக.

நேற்று பாலவாக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. கொல்லைக் கதவைத் திறந்தால் மணல், அதற்கு அந்தப் பக்கம் படகு, அப்புறம் கடல். நூற்றைம்பது மீட்டர் இருக்கும். "மெஷின் எதுக்கு தம்பி, பையன் வாங்கி அனுப்பிட்டான், மாட்டிட்டுப் போ" என்றார் அந்த அம்மா. தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டேன். கொல்லையில் உறைகிணறு, பதினாறு பதினேழு அடி, மேல் உறையில் பாசி, ஒரு ஓரத்தில் துளசிச் செடி. வாளியில் மொண்டு மீட்டரை விட்டேன். 410.

மீட்டர் போய்விட்டது என்றே நினைத்தேன். வண்டியில் இருந்த கேன் தண்ணீரில் விட்டேன், 60 காட்டியது, சரியாகத்தான் இருக்கிறது. மறுபடி கிணறு, 412. கொட்டிவாக்கம் ஃபிளாட் கடலிலிருந்து அறுநூறு மீட்டர் உள்ளே, அங்கே 3,100. கடல் ஏறித்தான் உப்பு வந்தது என்றால் முதலில் இந்த அம்மா கிணறு அல்லவா கெட்டிருக்க வேண்டும்?

அந்தப் பக்கம் கிணறு தூர் வாருகிற பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம் கேட்டேன், சிரித்தார். "மேல நல்ல தண்ணி, கீழ உப்புத் தண்ணி. நல்ல தண்ணி அதுமேல மெத்த மாதிரி மிதக்குது. நீ நூத்தம்பது அடிக்குக் குத்தி அடியில இருந்து உறிஞ்சினா எது வரும்?" கொட்டிவாக்கம் போர் நூற்று அறுபது அடி.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன், பெரியவர் சொன்னதற்குப் பெயரே இருக்கிறது, கைபன் என்பவரும் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் நூறு வருடத்துக்கு முன்பே எழுதிவைத்த விதி. உப்புத் தண்ணீர் கொஞ்சம் கனம். அதனால் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் நிற்கும். திருப்பிப் போட்டால், மேலே ஒரு அடியை மோட்டார் போட்டு இறைத்துவிட்டால் அடியில் உப்பு நாற்பது அடி ஏறி வரும். முப்பது வீட்டுக்கு ஒரு போர், ஒரு தெருவுக்குப் பத்து போர். கடல் தானாக வரவில்லை, இழுத்துக்கொண்டு வந்தோம்.

ஆக அடையாறுவாசி, அந்த 3,100-க்கும் உங்கள் 0.33-க்கும் சம்பந்தமில்லை. உங்களுக்கு ஒரு பாயிண்ட்.

10 ஆகஸ்ட்

இரவு தூக்கம் வராமல் யோசித்தேன். சம்பந்தமில்லை என்று சொன்னதும் முழுசாகச் சரியில்லை. கடல் ஏறினாலும் அந்த ஒரு அடி குறைகிற மாதிரிதானே? 3.3 மில்லிமீட்டரை நாற்பதால் பெருக்குங்கள், 13 சென்டிமீட்டர். வருடத்துக்கு.

10 ஆகஸ்ட், மதியம்

கீழே ஒருவர் திருத்தியிருக்கிறார், நன்றி. கடல் ஏறும்போது நிலத்தடி நீரும் கூடவே ஏற இடமிருந்தால் அந்தப் பெருக்கல் செல்லாது, மெத்தை அப்படியே மேலே போகும். மழை இறங்க மண் இருக்கிற இடத்தில் அது நடக்கும். சிமெண்ட் போட்டு மூடி, இருக்கிறதையும் இறைத்து, கீழேயே பிடித்துவைத்திருக்கிற இடத்தில்தான் என் பெருக்கல். அந்த அம்மா கொல்லை முழுக்க மண்தரை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

18 ஆகஸ்ட்

ஞாயிறு. ராயபுரம் போனேன், சித்தப்பா வீட்டுக்கு. நான் பிறந்து வளர்ந்தது அந்தப் பக்கம்தான், வேலைக்காகத் தெற்கே வந்தவன். எண்ணூர் போகிற சாலையில் கடல் பக்கம் முழுக்கக் கருங்கல். ஒவ்வொரு கல்லும் ஆட்டோ அளவுக்கு. சித்தப்பா கல்மேல் ஏறி நின்று தண்ணீரைக் காட்டி, "அங்க பாரு, அந்த நுரை அடிக்குதே, அதுக்கும் அந்தாண்ட எங்க பாட்டி வீடு. அதுக்கும் அந்தாண்ட வலை காயப்போடுற மணல்" என்கிறார். அவருக்கு எழுபத்தொன்று. பாட்டி வீட்டை அவர் பார்த்ததில்லை, அவர் அப்பா காட்டிய இடம். காட்டிய இடத்தில் அன்றைக்குத் தண்ணீர் இடுப்பளவுதானாம்.

இதுவும் கடல் மட்டம் ஏறியதால் இல்லை. (எல்லாவற்றுக்கும் இதையே சொல்கிறேன் போலிருக்கிறது.) நம் கரையோரமாக மணல் வருடம் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறது, கூட்டிக் கழித்தால் தெற்கிலிருந்து வடக்கே. 1876-இல் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கை நீட்டினாற்போல் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். வருகிற மணல் சுவருக்குத் தெற்கே நின்றுவிட்டது. அப்படி நின்ற மணல்தான் மெரினா. அதற்கு முன் அலை சாலைக்குக் கிட்டவே அடித்துக்கொண்டிருந்தது. 1884-இல் கவர்னர் கிராண்ட் டஃப் உலாவ நடைபாதை போட்டு மெரினா என்று பெயரும் வைத்தார். நமக்கு சுண்டல், குதிரை, பட்டம் எல்லாம் கிடைத்தது.

வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. நூறு வருடத்தில் ராயபுரம் பக்கம் ஏறத்தாழ 500 மீட்டர் கரை போயிற்று. இரண்டு விரல் இல்லை சார், அரை கிலோமீட்டர். அதற்கப்புறம் கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிய கல் சுவர்) போட்டார்கள், ஒரு வளைவுக்குத் தெற்கே கொஞ்சம் மணல் சேரும், அதற்கு வடக்கே இருக்கிற குப்பத்தில் அரிக்கும், அவர்கள் எங்களுக்கும் வளைவு கேட்டு மறியல் பண்ணுவார்கள். பழவேற்காடு வரை இப்படித்தான் போகும் போலிருக்கிறது.

மெரினாவில் உட்கார்ந்து "சென்னைக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்வது எளிது. அது எங்கள் மணல்.

18 ஆகஸ்ட், இரவு

கடைசி வரி கொஞ்சம் சினிமாத்தனமாக இருக்கிறது. ஆனாலும் எடுக்கவில்லை.

22 ஆகஸ்ட்

இழை நடுவில் குமரிக்கண்டம் வந்துவிட்டது, தமிழ் இழை என்றால் வராமல் இருக்குமா. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 வருடத்துக்கு முன்னால், கடல் இப்போதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. அன்றைக்கு நம் கரை இன்னும் கடலுக்குள் தள்ளி இருந்தது, தனுஷ்கோடியிலிருந்து மன்னாருக்கு நடந்தே போயிருக்கலாம், இதெல்லாம் சரி. அதற்காக ஒரு கண்டமே இருந்து மூழ்கியது என்பது வேறு. குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்கிற லெமூரியா என்ற பெயரே 1864-இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியல்காரர், மடகாஸ்கரில் இருக்கிற லெமூர் குரங்கின் சொந்தக்கார இனங்கள் இந்தியாவிலும் ஏன் இருக்கின்றன என்று குழம்பி வைத்தது. கண்டங்களே நகரும் என்று தெரிந்ததும் அந்தத் தேவை போய்விட்டது.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டதும் மட்டம் ஏறி இல்லை, 1964 டிசம்பர் புயல். ரயிலோடு போனது.

23 ஆகஸ்ட்

ரயில் என்றதும் ஞாபகம் வந்தது. ஸ்டேஷன் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே சின்னதாகக் கடல் மட்டத்திலிருந்து இவ்வளவு மீட்டர் என்று எழுதியிருக்குமே. அந்தக் 'கடல் மட்டம்' எந்தக் கடலின் எந்த நாள் மட்டம் என்று தேடினேன். நாட்டில் 9 துறைமுகங்களில் எடுத்த ஓதப் பதிவை வைத்து 1909-இல் நிர்ணயித்த பூஜ்ஜியம் அது. ஒன்பதில் நாகப்பட்டினமும் சென்னையும் உண்டு, கராச்சிகூட உண்டு. கடல் அதற்கப்புறம் தன் பூஜ்ஜியத்தைத் தாண்டி ஏறிவிட்டது. பலகைக்குப் புது பெயின்ட் அடிக்கிற ஒப்பந்தம் யாருக்கு என்று பாருங்கள்.

17 அக்டோபர்

இரண்டு மாதம் எழுதவில்லை, சீசன். இந்த வாரம் மழை. முந்தாநாள் வேளச்சேரிக்காரர்கள் வெள்ளத்துக்குப் பயந்து மேம்பாலத்தில் காரை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தியதை நாடே பார்த்துச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, போன டிசம்பர் மிக்ஜாம் புயலில் என் டூவீலர் மூன்று நாள் தண்ணீரில் கிடந்தது.

அந்த மூன்று நாளில் பார்த்ததைச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது பக்கிங்காம் கால்வாய்க்குப் பக்கத்தில். டிசம்பர் 4 சாயங்காலம் தெரு வடிகால் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன், ஒரு ரப்பர் செருப்பு மிதந்து கால்வாய்ப் பக்கம் போனது. மெதுவாக நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றியது. அப்புறம் தெருவுக்குத் திரும்பி வந்தது. என் பக்கத்து வீட்டுக்காரர் "என்னங்க தண்ணி ரிவர்ஸ்ல வருது" என்றார்.

பள்ளிக்கரணைச் சதுப்பில் தேங்குகிற தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாய்க்கு வந்து, தெற்கே போய் முட்டுக்காட்டில் கடலைச் சேர வேண்டும். தரையோ தட்டையான தரை, வாட்டமே கிடையாது. முகத்துவாரத்தில் கடல் ஓரடி தூக்கி நின்றால் இங்கே பல கிலோமீட்டர் உள்ளே தண்ணீர் போக்கிடம் தெரியாமல் நிற்கிறது. புயல் அன்றைக்குக் கரைக்குப் பக்கத்திலேயே மெதுவாக ஊர்ந்து கடலைத் தூக்கிப் பிடித்திருந்தது, அடையாறு, கூவம் முகத்துவாரத்திலும் இதே கதைதான். நேற்றும் இன்றும் பௌர்ணமிப் பக்கம், ஓதம் உசரம். நல்ல வேளை மழை விட்டது.

அடையாறுவாசி, இப்போது உங்கள் இரண்டு விரலை இங்கே வையுங்கள். மெரினா மணலில் அது ஒன்றுமே இல்லை, வடிகால் வாயில் அது கணக்கில் வரும்.

19 அக்டோபர்

"அது ஆக்கிரமிப்பு சார், கடல் இல்லை" என்கிறார் ஒருவர். ஆமாம். ஐம்பது அறுபது வருடம் முன்பு ஐயாயிரம் ஹெக்டேருக்குக் குறையாமல் இருந்த சதுப்பில் மீதி ஒரு சின்னப் பங்குதான், 2022-இல் ராம்சர் என்கிற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்த்தது அந்த மீதியை. மற்றதில் குப்பைமேடும் கம்பெனிகளும் நாங்களும். 'நாங்களும்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், என் வாடகை வீடும் ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற இடம்தான், போர் போட்டபோது கருப்புச் சேறும் சிப்பியும் வந்ததாக வீட்டுக்காரரே சொன்னார்.

20 அக்டோபர்

வெளியூர் உதாரணம் கேட்டீர்கள். ஜகார்த்தா. வடக்குப் பகுதியில் சில இடம் பத்தே வருடத்தில் இரண்டரை மீட்டர் அமுங்கியது. குழாய்த் தண்ணீர் எல்லோருக்கும் வராது, ஆளாளுக்கு போர், கீழே இருந்த தண்ணீர் போனதும் களிமண் சப்பையாகிவிட்டது. கடலோரம் சுவர் கட்டினார்கள், சுவருக்கு உள்ளே இருக்கிற தெரு இப்போது கடலைவிடக் கீழே. 2019-இல் தலைநகரையே போர்னியோ தீவுக்கு மாற்றுவதாக அறிவித்துவிட்டார்கள். டோக்கியோவும் ஒரு காலத்தில் இப்படித்தான், கோட்டோ பகுதி 4 மீட்டருக்கும் மேல் இறங்கியது. அங்கே போர் போடச் சட்டத்தால் கடிவாளம் போட்டார்கள், 1970-களில் அமுங்குவது அநேகமாக நின்றது. இறங்கிய தரை திரும்ப ஏறவில்லை, சுவரும் பம்ப்புமாக வாழ்கிறார்கள்.

சென்னையில் மண் வேறு, பல இடத்தில் கீழே பாறை, அந்த அளவுக்கு அமுங்காது. நமக்கும் நிலத்தடி நீர்ச் சட்டம் 1987-லேயே இருக்கிறது. அதை வைத்து ஒரு போர் வண்டியாவது நின்று நான் பார்த்ததில்லை.

மீஞ்சூர்ப் பக்கம் இன்னும் வேடிக்கை. நகரத்துக்கும் தொழிற்சாலைக்கும் அங்கே நிலத்தடி நீரை உறிஞ்சி, 1960-களின் கடைசியிலேயே கடல் நிலத்துக்கடியில் உள்ளே வந்துவிட்டது. 2010-இல் அந்தப் பக்கக் கடற்கரையிலேயே தினம் 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலை திறந்தார்கள். பெரிய சைஸ் ஆர்.ஓ. மெஷின்தான், எங்கள் தொழில்தான்.

3 நவம்பர்

நல்ல செய்தியே இல்லையா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். இருக்கிறது. பாண்டிச்சேரியில் 1989 வாக்கில் துறைமுகச் சுவர் கட்டி, நகரத்துக் கடற்கரையில் மணலே இல்லாமல் வெறும் கல்லாகக் கிடந்தது. 2018 வாக்கில் நம் பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தண்ணீருக்கடியில் ஆப்பு மாதிரி ஒரு இரும்புத் தடுப்பை இறக்கியது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் திரும்பிவிட்டது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அதற்கு வடக்கே இருக்கிற குப்பங்களில் என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

12 ஜனவரி 2025

மழை முடிந்து அளவெடுத்தேன். பாலவாக்கம் உறைகிணறு 340. தண்ணீர் ஏழு அடியிலேயே நிற்கிறது, குனிந்தால் முகம் தெரிகிறது. அந்த அம்மா மெஷினைத் துணி போட்டு மூடி மேலே பஞ்சாங்கம் வைத்திருக்கிறார்.

கொட்டிவாக்கம் 2,700. மழையில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சங்கக் கூட்டத்தில் செக்ரட்டரி என்னையும் கூப்பிட்டிருந்தார். 2003-இல் சட்டத்துக்காகக் கட்டின மழைநீர்க் குழி மேல் இப்போது பைக் நிறுத்துகிறீர்கள், அதைத் திறந்து சுத்தம் பண்ணுங்கள், பின்பக்கம் பத்தடிக்குப் பத்தடி டைல்ஸைப் பெயர்த்து ஒரு உறைகிணறு போடுங்கள், போரை ஒரு வருடம் நிறுத்திவையுங்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மெத்தை கதையும் சொன்னேன், பெரியவர் சொன்ன மாதிரியே. தலையாட்டினார்கள். காபி கொடுத்தார்கள். பார்க்கிங் போய்விடும் என்று மூன்றாம் மாடிக்காரர் எழுந்தார்.

பழைய போருக்குப் பக்கத்திலேயே இருநூற்றைம்பது அடிக்குப் புது போர் என்று முடிவாகியிருக்கிறது. பொங்கல் முடிந்ததும் வண்டி வருகிறது. என்னிடம் மெம்பிரேன் நான்கு சேர்த்து ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள், அட்வான்ஸும் வாங்கிக்கொண்டேன்.